கொம்பனிக் கடனும் குடிமக்கள் வாக்கும்

ஐக்கிய அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் அரசியலமைப்பில் ஒரு விதி காணப்படுகிறது. மாநில அரசாங்கம் இன்ன தொகைக்கு மேல் கடன்படலாகாது. அவ்வெல்லையைத் தாண்டவேண்டுமாயின், அல்லது அவ்விதியையே மாற்றவேண்டுமாயின், விடயத்தை வாக்காளர் முன் வைத்து அவர்தம் சம்மதத்தைப் பெறல் வேண்டும் என்பது அதன் சாரம். மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு இது கணக்குப்பிள்ளை ஒருவர் எழுதிவைத்த சிக்கன விதியாகவே தோன்றும். குடியியல் நூல்களும் இதனை ஒரே வரியிற் கூறி அப்பாற் சென்றுவிடுகின்றன. ஆயின் இவ்விதி எப்படிப் பிறந்தது, யாருக்காக மீறப்பட்டது, மீறியதன் பாரம் யார் தலையில் இறங்கியது என்று ஆராயப் புகுந்தால், ஒரு சமுதாயத்தின் உள்ளமைப்பே அதனூடாகத் தெரியக் காண்கிறோம். மக்களைக் கேட்டே செய்தோம் என்பது ஆளுவோருக்கு எப்போதும் வாய்ப்பான ஒரு சொல். கேட்டவர் யார், என்ன கேட்டார், கிடைத்த விடை யாரைக் கட்டுப்படுத்திற்று என்ற மூன்று வினாக்களையும் எழுப்பிப் பார்ப்பதற்கு மினசோட்டா மாநிலத்தின் வரலாறு மிகப் பொருத்தமானது. அங்கே 1858இல் மக்கள் ஒரு வாக்களித்தனர். 1860இல் அதற்கு நேர்மாறாக இன்னொரு வாக்களித்தனர். இவ்விரண்டில் எது செல்லும், எது செல்லாது என்பதை முடிவுசெய்ய 20 ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

கதையைச் சற்றுப் பின்னிருந்து தொடங்கவேண்டும். நியூயோர்க் மாநிலம் தன் செலவிலே வெட்டிய ஈரிக் கால்வாய் 1825இல் நிறைவெய்தியது. ஏரிப் பிரதேசத்துத் தானியம் அட்லாந்திக் துறைமுகத்துக்கு மலிவாக வந்து சேர்ந்தது. சுங்கப் பணத்தால் மாநிலக் கருவூலமும் நிறைந்தது. இதனைக் கண்ட ஏனைய மாநிலங்களும் கால்வாய், புகையிரதப் பாதை, வங்கி எனப் பல முயற்சிகளுக்காக இலண்டன் சந்தையிலே கடன் பத்திரங்களை விற்கத் தொடங்கின. நியூயோர்க்குக்கு வாய்த்த நிலவமைப்பும் வணிகப் போக்கும் தமக்கும் உண்டா என்று எவரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. 1837இல் பொருளாதார நெருக்கடி வந்தது. 1842 முடிவதற்குள் பென்சில்வேனியா, மேரிலாந்து, இந்தியானா, இலினோய், மிச்சிகன், ஆர்க்கன்சா, லூசியானா, மிசிசிப்பி ஆகிய எட்டு மாநிலங்களும் புளோரிடாப் பிரதேசமும் வட்டி கட்ட இயலாமல் கைவிரித்தன. இவற்றுட் சில பின்னர் கடனைத் தீர்த்தன. மிசிசிப்பியோ தன் வங்கிப் பத்திரங்களைத் தரவே முடியாது என்று முற்றாக மறுத்துவிட்டது.

இந்நிகழ்ச்சி ஆங்கில இலக்கியத்திலும் தடம் பதித்திருப்பதை இலக்கிய மாணவர் கவனிக்கலாம். இயற்கையைப் பாடிய வேர்ட்ஸ்வேர்த், பென்சில்வேனியா மக்களைக் கண்டித்து ஒரு பதினான்கடிப் பாடல் இயற்றினார். டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட நத்தார்க் கதையிலே, மதிப்பற்ற ஒரு பொருளுக்கு ஐக்கிய அமெரிக்கப் பத்திரத்தையே உவமையாக்கினார். சிட்னி சிமித் என்ற பாதிரியார் அமெரிக்கக் காங்கிரசுக்கே கண்டன மனு எழுதினார். தொழிற்சாலைகளிலே சிறுவர் உழைத்துத் தேய்ந்த அக்காலத்தில், வட்டி வராமை எத்தனை பேனாக்களை அசைத்தது என்பது சிந்திக்கற்பாலது.

அமெரிக்காவில் எதிர்விளைவு வேறு வகையாய் அமைந்தது. 1842இல் றோட் ஐலண்ட் மாநிலம் மக்களின் சம்மதமின்றி 50 ஆயிரம் டொலருக்கு மேற் கடன்படலாகாது என விதித்தது. 1846இல் நியூயோர்க் தன் புதிய அரசியலமைப்பில், 10 இலட்சம் டொலர் எல்லைக்கு மேற்பட்ட கடன் எதுவாயினும் ஒரே நோக்கத்துக்கான தனிச் சட்டமாக இருத்தல் வேண்டும், அதைத் தீர்க்கும் வரியும் அச்சட்டத்திலேயே இடம்பெறல் வேண்டும், அச்சட்டம் பொதுத் தேர்தலில் மக்களாலே ஏற்கப்படல் வேண்டும் என்று எழுதிற்று. அடுத்தடுத்து எழுந்த மாநிலங்கள் பலவும் அவ்வழியே சென்றன. இவ்விதியை வேண்டியவர் ஒருசாரார் அல்லர். வரிக்கு அஞ்சிய சிறு விவசாயிகளும் அதனை வேண்டினர்; கொடுத்த கடன் திரும்பி வரவேண்டுமே என்று கவலைகொண்ட பணமுடையோரும் வேண்டினர். நோக்கம் வேறாயினும் இருசாராரும் ஒரே வாசகத்தில் ஒப்பமிட்டனர். பின்னர் நேர்ந்த சிக்கலின் வித்து இங்கேயே கிடந்தது எனலாம்.

இனி மினசோட்டாவுக்கு வருவோம். மிசிசிப்பி ஆறு பிறக்கும் அந்நாடு 1849இல் ஒரு பிரதேசமாக வகுக்கப்பட்டபோது அங்கு குடியேறியிருந்தோர் சில ஆயிரவரே. 1851இல் டகோட்டா மக்களுடன் இரு உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. அவற்றால் ஏறத்தாழ 240 இலட்சம் ஏக்கர் நிலம் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. அரசாங்கத்தின் சார்பிலே பேரம் பேசியவருள் ஒருவர் அலெக்சாந்தர் றாம்சி. உடனிருந்து உதவியவர் தோல் வணிகக் கொம்பனியின் முகவரான ஹென்றி சிப்லி. இவ்விருவர் பெயரையும் வாசகர் நினைவில் இருத்தவேண்டும். ஒப்பமிட வந்த டகோட்டாத் தலைவர்கள் முன் மூன்றாவதாக ஒரு தாளும் நீட்டப்பட்டது. அது உடன்படிக்கையின் பிரதி என்று எண்ணியே பலர் கீறிக்கொடுத்தனர். உண்மையில் அது, நிலத்துக்குக் கிடைக்கும் பணத்திலிருந்து வணிகரின் பழங்கடன்களைத் தீர்ப்பதாக வாக்களிக்கும் பத்திரம். அப்பணம் பெற்ற வணிகருள் சிப்லியும் ஒருவர்.

நிலம் திறக்கவே குடியேற்றம் பெருகிற்று. ஜெர்மனி, அயர்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரும், கிழக்கு மாநிலங்களில் நிலமற்றிருந்தோருமாக 1857இல் மக்கள்தொகை ஒன்றரை இலட்சத்தை எட்டியது. கோதுமை விளைந்தது. ஆனால் விளைந்ததைக் கொண்டுசெல்ல ஆறு ஒன்றே வழி. மாரியிலே அது உறைந்து பல மாதம் மூடிக்கிடக்கும். புகையிரதம் வேண்டும் என்ற கூக்குரல் கொம்பனிகள் கிளப்பிய வெறும் ஆரவாரமன்று. பனியிலே மூட்டைகளுடன் காத்திருந்த உழவனின் உண்மையான தேவை அது. இதனை மறைத்து எழுதினால் நாம் வரலாறு எழுதியவராகோம்.

1857 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ், புகையிரதப் பாதை அமைப்பதற்காக ஏறத்தாழ 45 இலட்சம் ஏக்கர் நிலத்தை இப்பிரதேசத்துக்கு மானியமாக வழங்கிற்று. பிரதேசச் சட்டசபை அந்நிலத்தை நான்கு கொம்பனிகளுக்குப் பங்கிட்டது. அக்கொம்பனிகளிடம் அதிகாரப் பட்டயம் இருந்தது, காகிதத்தில் நிலம் இருந்தது, காசு இருக்கவில்லை.

அதே ஆண்டு கோடையில் அரசியலமைப்பை எழுதப் பிரதிநிதிகள் சென் போல் நகரிற் கூடினர். குடியரசுக் கட்சியாரும் சனநாயகக் கட்சியாரும் ஒரே மண்டபத்தில் அமர மறுத்து வெவ்வேறாகக் கூடி, ஈற்றில் ஒரு கூட்டுக் குழுவின் வாயிலாக உடன்பாடு கண்டனர். அப்போதும் ஒரே தாளில் ஒப்பமிட மனம் வரவில்லை. இரு பிரதிகள் எழுதி ஒவ்வொரு கட்சியாரும் ஒவ்வொன்றில் ஒப்பமிட்டனர். இத்தனை பகைமைக்கிடையிலும் அவர்கள் ஒருமித்து நின்ற விடயம் ஒன்று உண்டு. மாநிலத்தின் கடன் இரண்டரை இலட்சம் டொலரை மீறலாகாது. மாநிலத்தின் நாணயத்தை எந்தத் தனியாளுக்கோ கூட்டத்துக்கோ கொம்பனிக்கோ ஒருபோதும் கடனாகக் கொடுத்துதவலாகாது. 1837இன் தழும்பு அப்போதும் ஆறவில்லை. ஒக்டோபரில் மக்கள் இவ்வரசியலமைப்பைப் பெரும்பான்மை வாக்கால் ஏற்றனர்.

‘ஒருபோதும்’ என்ற சொல்லின் ஆயுள் ஆறு மாதம். 1857 ஓகத்திலே ஒகையோ மாநிலத்துப் பெரிய நிதி நிறுவனம் ஒன்று முறிந்து, மீண்டும் ஒரு நெருக்கடி நாடெங்கும் பரவியது. மினசோட்டாவில் நிலவிலை சரிந்தது. காசைக் கண்ணாற் காண்பதே அரிதாயிற்று. டிசம்பரிற் கூடிய முதற் சட்டசபை, கடன் விதியைத் திருத்தும் பிரேரணை ஒன்றை நிறைவேற்றியது. மாநிலம் 50 இலட்சம் டொலர் வரை நூற்றுக்கு 7 வீத வட்டியில் கடன் பத்திரங்களை வெளியிட்டுப் புகையிரதக் கொம்பனிகளுக்கு அளிக்கும். கொம்பனி ஒவ்வொரு 10 மைலுக்கும் மண்வேலையை முடித்ததும் ஓரிலட்சம் டொலர்ப் பத்திரம். அந்தப் பத்து மைலில் வண்டி ஓடத் தொடங்கியதும் இன்னோர் இலட்சம். வட்டியையும் முதலையும் கொம்பனிகளே கட்டும். அதற்குப் பிணையாகத் தம் இலாபத்தையும், மானிய நிலத்தில் ஒரு பகுதியையும், தம் சொத்தின் மேலான ஈட்டுப் பத்திரங்களையும் மாநிலத்திடம் வைக்கும். கொடுக்கப்போகும் நிலம் பொதுநிலம். அதைப் பிணையாக ஏற்பதும் பொதுமக்களின் அரசு. வேலிக்கு ஓணான் சாட்சி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டமுடியாது.

இதிலே ஒரு விநோதமும் உண்டு. மினசோட்டா ஒரு மாநிலமாக ஐக்கியத்திற் சேர்க்கப்பட்டது 1858 மே 11ஆம் திகதி. திருத்தத்தின் மேல் வாக்கெடுப்பு நிகழ்ந்ததோ ஏப்பிரில் 15ஆம் திகதி. பிறவாத மாநிலத்தின் அரசியலமைப்பு, பிறக்குமுன்னரே கொம்பனிகளுக்காகத் திருத்தப்பட்டது. ஆதரவாக 25,023 வாக்குகள், எதிராக 6,733.

இவ்வளவு பேர் ஏன் ஆதரித்தனர்? மக்கள் அறியாமையால் ஏமாந்தனர் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. புகையிரதம் வேண்டியிருந்தது, வேலை வேண்டியிருந்தது, காசுப் புழக்கம் வேண்டியிருந்தது. இது கடனே அன்று, வெறும் பிணைதான், ஒரு சதமேனும் வரியாக வராது என்று பிரசாரகர் உறுதி கூறினர். வாக்காளன் முன் வைக்கப்பட்ட வினா, இத்திருத்தத்தை ஏற்கிறாயா இல்லையா என்பதே. அரசே பாதையை அமைத்து உடைமையாக வைத்திருக்கலாமா, கொம்பனி தவறினால் யார் பொறுப்பு, பத்திரம் பிறர் கைக்கு மாறினால் என்னாகும் என்ற வினாக்களுக்கு வாக்குச்சீட்டில் இடமில்லை. வினாவை அமைத்தவர் கொம்பனிகளுக்கு வேண்டியவர். விடை மாத்திரம் மக்களுடையது. அந்த ‘மக்கள்’ என்போரும் வெள்ளை ஆடவரே என்பதை இவ்விடத்துக் குறித்துவைப்போம். கறுப்பின ஆடவர் 1868 வரை காத்திருக்க நேர்ந்தது. பெண்கள் அதற்கும் அரை நூற்றாண்டுக்கு மேலாக. டகோட்டாக் குடிகளிடம் கேட்கும் எண்ணமே எழவில்லை. தொகையைப் பாருங்கள்: மூல எல்லையைப்போல் இருபது மடங்கு, குழந்தைகளையும் சேர்த்து ஆளுக்கு 33 டொலர்.

முதல் ஆளுநராகப் பதவியேற்றவர் நாம் மேலே குறிப்பிட்ட சிப்லி. கொம்பனிகள் தரும் ஈட்டுப் பத்திரங்களில் மாநிலத்துக்கே முதலுரிமை இருத்தல் வேண்டும், இன்றேல் பத்திரம் வழங்கேன் என்று அவர் நின்றார். கொம்பனி ஒன்று வழக்குத் தொடுத்தது. அத்தகைய முதலுரிமையைத் திருத்தம் கோரவில்லை. பத்திரங்களை வழங்குக என்று மாநில உயர் நீதிமன்றம் 1858இல் அவருக்குக் கட்டளையிட்டது. மக்களுக்குச் சொல்லப்பட்ட காப்பு இவ்வாறு முதலாம் ஆண்டிலேயே பாதி கழன்றது. சிப்லி நியூயோர்க் சென்று பத்திரங்களை விற்க முயன்றார். அங்குள்ள பணமுடையோர் வாங்க முன்வரவில்லை.

வெளியில் விலைபோகாத பத்திரத்துக்கு உள்ளூரில் ஒரு வழி கண்டனர். அக்காலத்தில் அமெரிக்காவில் தனியார் வங்கிகள் தாமே நாணயத்தாள் வெளியிட்டன. அதற்குப் பிணையாக மாநிலக் கணக்காளரிடம் பத்திரங்களை வைக்கவேண்டும். சந்தையில் மதிப்பற்றுக் கிடந்த இப்புகையிரதப் பத்திரங்களை, முகமதிப்பில் நூற்றுக்கு 95 வீதத்துக்கு ஏற்க மினசோட்டா அதிகாரி இசைந்தார். புதிய வங்கிகள் சில முளைத்தன. அவற்றின் தாள்கள் கூலியாகவும் கடைக்காசாகவும் கைமாறின. விரைவிலேயே அவ்வங்கிகள் முறிந்தன. தாளைக் கையில் வைத்திருந்தோருக்கு டொலரில் ஒரு சிறு பகுதியே மிஞ்சியது. ஐம்பது இலட்சக் கடனின் முதல் அடி விழுந்தது, வரிப் புத்தகத்தில் அன்று, கூலிக்காரனின் சட்டைப்பையில். அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றிய நூல்கள் இப்பகுதியைப் பெரும்பாலும் ஒரு குறிப்பாகக் கூடத் தருவதில்லை.

1859இல் வேலை நின்றது. அதுவரை வெளியிடப்பட்ட பத்திரங்களின் மதிப்பு 22 இலட்சத்து 75 ஆயிரம் டொலர். கண்ட பயன் ஏறத்தாழ 240 மைல் மண்வேலை. அதுவும் தொடர்பற்ற துண்டு துண்டாக. தண்டவாளம் ஒரு மைலுக்கேனும் இடப்படவில்லை. மண்வேலை முடிந்தாலே பணம் என்று விதித்தால், மண்ணைக் கிளறுவதே இலாபகரமான தொழிலாகும் என்பதைச் சட்டம் எழுதியோர் அறியாதவர் அல்லர். வட்டி கட்டுவதாகச் சொன்ன கொம்பனிகள் கட்டவில்லை.

மக்கள் கொதித்தனர். அடுத்த ஆளுநராக வந்த றாம்சி, பத்திரங்கள் மலிவாகக் கிடக்கும்போதே ஏதேனும் ஒரு தீர்வு காண்பது நன்று, இல்லையேல் அவை கிழக்கிலுள்ள சிலர் கையிலே திரண்டு, முழுத் தொகையும் கேட்டு ஒருநாள் வாசலில் வந்து நிற்கும் என்று எச்சரித்தார். அவர் சொற்படி எவரும் நடக்கவில்லை. 1860 நவம்பரில் இரண்டு திருத்தங்கள் வாக்குக்கு விடப்பட்டன. 1858இல் நுழைக்கப்பட்ட விலக்கு நீக்கப்பட்டு, பழைய தடை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. இப்பத்திரங்களைத் தீர்க்க வரி விதிக்கும் எச்சட்டமும் மக்கள் வாக்கால் ஏற்கப்பட்டாலன்றிச் செல்லாது எனவும் எழுதப்பட்டது. எதிர்த்தவர் தொகை அற்பம்.

இவ்வாக்கை நேர்மையற்ற செயல் என்று அக்காலத்து நிதியுலகம் வசைபாடிற்று. வசையிலே ஓரளவு நியாயமும் உண்டு. மண்வேலை செய்த ஒப்பந்தகாரர்கள் கூலிக்குப் பதிலாக அப்பத்திரங்களையே ஏற்றிருந்தனர். ஒரு மாநிலம் தன் முத்திரை பதித்துக் கொடுத்த தாளை மறுநாள் கிழித்தெறிவது எளிதிற் பாராட்டத்தக்கதன்று. ஆயினும் இரண்டு வாக்குகளையும் ஒருங்கு வைத்துப் பார்க்கையில், 1858இல் தம் பெயராலே கேட்கப்பட்ட வினாவின் முழுப் பொருளையும் மக்கள் 1860இலேயே கண்டனர் என்று நாம் கருதுகிறோம். அன்று மறைக்கப்பட்ட வினாவுக்கு அளித்த விடையே இரண்டாவது வாக்கு.

மாநில அரசு வெறுங்கையாக இருக்கவில்லை. கொம்பனிகளின் ஈடுகளை முடித்து, மண்வேலையையும் நில உரிமையையும் தன்வசமாக்கிற்று. பின் அவற்றைப் பழைய கடன் எதுவுமின்றிப் புதிய கொம்பனிகளுக்கு வழங்கியது. 1862 யூன் 28ஆம் திகதி சென் போலிலிருந்து சென் அந்தனிக்கு முதல் வண்டி 10 மைல் தூரம் ஓடியது. அந்தக் கொம்பனியின் பாதைகள் 1870களின் இறுதியில் ஜேம்ஸ் ஹில் என்பாரும் கூட்டாளிகளும் கைப்பற்றிய உடைமையாயின. பின்னர் பசிபிக் கடல்வரை நீண்ட பெரும் புகையிரத ஏகபோகத்துக்கு அதுவே அடித்தளம். வரலாற்று நூல்கள் அவரைப் பேரரசு கட்டியவர் என்று போற்றுகின்றன. அடியிலே கிடந்த மண்ணில் ஒரு பகுதி யார் கடனில் வெட்டியது என்பதை அந்நூல்களிற் காணோம்.

அந்த 1862ஆம் ஆண்டின் கோடையிலேயே டகோட்டா மக்களுக்கு உடன்படிக்கைப்படி சேரவேண்டிய ஆண்டுப் பணம் தாமதமாயிற்று. பஞ்சம் வாட்டியது, கடைக்காரர் கடன் கொடுக்க மறுத்தனர். ஓகத்திலே போர் மூண்டது. படை நடத்திச் சென்றவர் சிப்லி, ஆளுநர் றாம்சி. டிசம்பர் 26ஆம் திகதி மன்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆடவர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த பெப்ரவரியில் காங்கிரஸ் ஒரு சட்டத்தால் டகோட்டா மக்களுடன் செய்த உடன்படிக்கைகள் யாவற்றையும் இரத்துச் செய்தது. அவர்களுக்குரிய ஆண்டுப் பணத்தையும் எஞ்சிய நிலத்தையும் பறிமுதல் செய்தது. இச்சட்டத்தை வாசகர் மறவாதிருக்கவேண்டும்; சற்றுப் பின்னர் நாம் இதனிடம் திரும்புவோம்.

றாம்சி சொன்னதுபோலவே பத்திரங்கள் சிலர் கையில் திரண்டன. அவர்களுட் பெரியவர் கிளீவ்லாந்து நகரத்து ஒப்பந்தகாரரான சீலா சேம்பர்லேன். மாநிலத்தை நீதிமன்றில் இழுக்க அவர்களால் இயலவில்லை. ஒரு மாநிலத்தின் மேல் பிற மாநிலத்தார் வழக்குத் தொடுப்பதை ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் 11ஆம் திருத்தம் தடுத்தது. பாதைகளைப் பெற்ற புதிய கொம்பனிகளைப் பொறுப்பாக்க முயன்றனர். அவை பொறுப்பல்ல என்று ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் பத்திரங்கள் மாநிலத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் கடன்களே என்றும் அது கூறிற்று. பாதையை உடையவனுக்குக் கடன் இல்லை. கடனை உடையவனுக்குப் பாதை இல்லை.

1873 முதல் 1877 வரை வெட்டுக்கிளிகள் மினசோட்டாவின் தென்மேற்கு வயல்களை அழித்தன. வானை மூடி இறங்கிய அப்படை, கோதுமையை வேரோடு தின்று, முட்டையிட்டுவிட்டுச் சென்றது. அடுத்த ஆண்டு மீண்டும் எழுந்தது. 1876இல் ஆளுநரான ஜோன் பில்ஸ்பரி மாவாலை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்தவர். நொந்த மாவட்டங்களை நேரிற் சென்று கண்டவர். சொந்தப் பணத்திலும் உதவியவர். ஆயினும் அரசாங்க நிவாரணம் விவசாயிகளின் தன்னம்பிக்கையைக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை. கைகொடுப்பதிலே சிக்கனம் காட்டிய அதே ஆளுநர், பழைய புகையிரதப் பத்திரங்களைத் தீர்ப்பதே மாநிலத்தின் மானம் என்று ஆண்டுதோறும் சட்டசபைக்கு எடுத்துரைத்தார். 1877 ஏப்பிரிலில் வெட்டுக்கிளி நீங்குவதற்காக அவர் ஒரு பிரார்த்தனை நாளை அறிவித்தார். யூனில், மாநில நிலங்களின் வருவாயைக் கொண்டு பத்திரக் கடனைத் தீர்க்கும் யோசனை வாக்குக்கு வந்தது. ஆதரித்தோரினும் மூன்று மடங்குக்கு மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தனர். முட்டையிட்ட வயலின் வரம்பில் நின்றவனிடம் கிழக்கத்தியப் பத்திரக்காரனின் மானத்தைப் பற்றிக் கேட்டால் வேறு விடை எங்ஙனம் வரும்?

மக்கள் தொடர்ந்து மறுக்கவே, மக்களைக் கேளாமல் தீர்க்கும் வழி தேடப்பட்டது. 1881இல் சட்டசபை, வாக்கெடுப்பின்றித் தானே கடனைத் தீர்க்கலாமா என்பதை முடிவுசெய்ய நீதிபதிகள் அடங்கிய ஒரு மன்றத்தை அமைத்தது. அம்மன்றம் அமைத்தமையே தவறு என்று வழக்கு எழுந்தது. மாநில உயர் நீதிமன்றம் மன்றத்தைச் செல்லாதென்றது. ஆனால் அத்துடன் நில்லாமல் மூல வினாவையும் தீர்த்தது. ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின்படி ஒப்பந்தத்தின் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டம் எதனையும் எந்த மாநிலமும் இயற்றலாகாது. 1860ஆம் ஆண்டுத் திருத்தம் பத்திரக்காரருடன் செய்த ஒப்பந்தத்தைக் குலைக்கிறது. ஆகவே அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. பில்ஸ்பரி உடனே விசேட கூட்டத்தொடரை அழைத்தார். டொலருக்கு 50 சதம் வீதம் புதிய பத்திரம் வழங்கிக் கணக்கு முடிக்கப்பட்டது. 20 ஆண்டுகளுக்கு மேலாக ஏறிய வட்டியோ முதலையும் மிஞ்சியிருந்தது. பாதித் தொகை என்பது கேட்பதற்குச் சலுகை போலிருக்கும். மலிவு காலத்தில் வாங்கிக் குவித்தவருக்கு அது நட்டமன்று.

சட்ட நுணுக்கத்தில் நீதிபதிகளை எளிதில் மறுக்க இயலாது. கடன்பட்டவன் தன் வாக்காலேயே கடனை அழிக்கலாமெனில் எவரும் எவர்க்கும் கொடார். ஆயினும் தீர்ப்பின் விளைவை வெறும் சொல்லில் எழுதிப் பாருங்கள். மக்கள் தம்மைக் கட்டிக்கொள்ள அளித்த வாக்கு என்றும் செல்லும். கட்டை அவிழ்க்க அளித்த வாக்கு ஒருபோதும் செல்லாது. ‘ஒருபோதும்’ என்று 1857இல் மக்கள் எழுதிய சொல்லை ஆறு மாதத்தில் மாற்ற முடிந்தது. பத்திரத்தில் எழுதிய சொல்லை 23 ஆண்டு சென்றும் மாற்ற முடியவில்லை. இரண்டும் ஒரே அரசின் வாக்குறுதிகள். முன்னையது வரியிறுப்போருக்கு அளித்தது. பின்னையது கடன் கொடுத்தோருக்கு அளித்தது.

ஒப்பந்தம் புனிதமானது என்ற கோட்பாட்டையேனும் அவ்வரசு எல்லாரிடத்தும் ஒப்பக் கையாண்டதா? 1851ஆம் ஆண்டு உடன்படிக்கையும் ஓர் ஒப்பந்தமே. நிலம் வாங்கப்பட்டது, விலை ஆண்டுதோறும் தரப்படும் என்று எழுதப்பட்டது. நிலத்தைத் திரும்பக் கொடுக்காமலே விலை தரும் கடப்பாட்டை 1863இல் காங்கிரஸ் ஒரே சட்டத்தால் துடைத்தெறிந்தது. அரசியலமைப்பின் ஒப்பந்த வாசகம் மாநிலங்களைக் கட்டுப்படுத்துமே அன்றிக் காங்கிரசைக் கட்டுப்படுத்தாது என்று சட்ட அறிஞர் விடை கூறுவர். விடை சரியானதே. சேம்பர்லேனின் தாளுக்குக் காவலாக நின்ற வாசகம் டகோட்டாக் குடிகளின் தாளுக்கு ஏன் இல்லாது போயிற்று என்ற வினாவுக்கு அது விடையாகாது. மினசோட்டாவின் தென்பகுதிப் பாதைகள் ஓடியதும் அந்த நிலத்தின் மேலேதான்.

இரண்டரை இலட்சம் டொலர் என்ற பழைய எல்லை, அதன்பின்னும் நெடுங்காலம் அரசியலமைப்பில் அப்படியே கிடந்தது. மாநிலம் வளர்ந்து பல்கலைக்கழகமும் வைத்தியசாலைகளும் கட்டிய காலத்திலும் அச்சிறு தொகை மாறவில்லை. 1962 நவம்பரில் மினசோட்டா வாக்காளர் மீண்டும் கடன் விதியைத் திருத்தினர். பொதுக் கட்டடங்களுக்கும் பொதுநிலத்துக்கும் வேண்டிய கடனை, சட்டசபையின் இரு மன்றங்களிலும் ஐந்தில் மூன்று பங்கினர் இசைந்தால் பெறலாம் என்று அன்று ஏற்கப்பட்டது. 1858இற் போலன்றி, இம்முறை கடன்பட்டுக் கட்டுவது அரசின் உடைமையாகவே நிற்கும். மாநிலத்தின் நாணயத்தைத் தனியாளுக்கோ கூட்டத்துக்கோ கொம்பனிக்கோ கொடுத்துதவலாகாது என்ற 1857ஆம் ஆண்டு வாசகம் மாத்திரம், 1974இல் மறுசீரமைக்கப்பட்ட அரசியலமைப்பின் 11ஆம் உறுப்பில், சில விலக்குகளுடன் இன்றும் இருக்கிறது.